கடைசி டின்

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்
தேங்காய்ப்பால் பெட்டிக்கும் சம்பல் புட்டிக்கும் பின்னால்
நான்கு மாதமாய் ஒரு டின் பீர்.
லோகு விட்டுப்போனது.
வேலை தேடி வந்தவன்
எங்கள் சோபாவில் தொண்ணூறு இரவு தூங்கி
ஜொகூருக்குப் பஸ் ஏறினான்.
சோபாவில் விழுந்த பள்ளம் மேலே வந்துவிட்டது.
டின் மட்டும் அசையவில்லை.

"கொட்டிடு" என்பார் இவர்
ஒவ்வொரு வியாழனும் நான் தட்டைத் துடைக்கையில்.
கொட்டவில்லை.
குடிக்கவும் தெரியாது எனக்கு.
போனில் கேட்டேன், இத என்னடா செய்ய?
"நீயே வெச்சிக்கக்கா" என்றான்
வீட்டையே எழுதிக் கொடுப்பவன் மாதிரி.

இன்று மாவில் ஊற்றினேன்.

மூன்று கோப்பை மாவு. ஈஸ்ட் ஒரு கரண்டி.
உப்பு. சீனி, ஈஸ்டுக்கு லஞ்சமாக.
டின் திறந்ததும் உஸ்ஸென்றது,
பூசையறையில் பேசும் பிள்ளையை அடக்குவதுபோல.
நுரை இறங்கி மாவு கறுத்தது, பிறகு வெளுத்தது,
பிறகு விரலை விடமாட்டேன் என்றது.
தோசைக்கு அரைத்த கைதான்;
ஆனாலும் இந்தப் புளிப்பு வேறு ஊர்க்காரன்,
பேச்சே புரியவில்லை முதல் பத்து நிமிடம்.

ஒன்றரை மணி நேரம் ஊறட்டும் என்றது குறிப்பு.
குளிர்நாட்டில் எழுதியது போலும்.
ஜெலுத்தோங்கில், ஒன்பதாம் மாடியில்,
மார்ச் மாதத்து இரண்டு மணி வெயிலில்
மாவு கடிகாரம் பார்ப்பதில்லை.
முப்பத்தைந்தாவது நிமிடம்
மூடிய துணியைத் தலையில் சுமந்துகொண்டு
கிண்ணத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது.
குத்தினேன். பெருமூச்சு விட்டது.
நானும்.

சீஸ், தேதி நெருங்கியதால் பாதி விலைக்கு வந்த கட்டி.
துருவியில் கட்டை விரலும் கொஞ்சம் போனது.
குறிப்பு கேட்காத பச்சை மிளகாய் இரண்டு,
கேட்டிருந்தாலும் நான் போட்டிருக்காத பூண்டு இல்லாமல்.

ஓவன் கண்ணாடிக்குள்
ரொட்டியின் முதுகு வெடித்து
சீஸ் வழிந்து தகரத்தில் கருகியபோது
வாசனை காரிடாரில் நடக்கத் தொடங்கியிருந்தது,
செருப்புகளைத் தாண்டி, லிஃப்ட்வரை.

எதிர்வீட்டு ரொஹானி
கதவுக் கம்பியில் மூக்கை வைத்தாள்.
பன்னிரண்டு வருஷப் பழக்கம்.
நோன்புப் பெருநாளுக்கு அவள் தட்டு வரும்,
தீபாவளிக்கு என் தட்டு போகும்.
முறுக்கை எண்ணிப் பார்க்கிற உரிமை அவளுக்கு உண்டு.
"எனக்கொரு துண்டு" என்றாள், கை ஏற்கனவே நீண்டிருந்தது.

ரொட்டி, சீஸ் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.
சூட்டில் எல்லாம் பறந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன்.
அந்த வாக்கியத்தை ஒருமுறை வாயில் மென்றும் பார்த்தேன்.
உள்ளே போகவில்லை.
"காக், இதுல பீர் ஊத்தியிருக்கு."

கை கம்பியிலிருந்து திரும்பியது,
சுட்டதுபோல இல்லை,
சில்லறை சரியாக இருக்கிறதா என்று
எண்ணி எடுத்துக்கொள்வதுபோல.
"சொன்னியே, நல்லது."
பிறகு சிரித்தாள்.
வாசனை கணக்கில் வராது என்று தானே தீர்ப்புச் சொல்லி
பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு
கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.
போகும்போது சொன்னாள்:
அடுத்த வாரம் இஞ்சி சோடாவில் பிசை,
கிண்ணம், துருவி, தட்டு எல்லாம் என் வீட்டிலிருந்து வரும்.

ஏழு மணிக்கு இவர்.
மூன்று துண்டு, பேச்சில்லாமல்.
மேல்தோல் நொறுங்கிச் சட்டையில் விழுந்தது.
"எந்தக் கடை?"
"நம்ம கடை."
தண்ணீருக்கு ஃப்ரிட்ஜைத் திறந்தவர்
வெளிச்சத்தில் குனிந்தபடி நின்றார்,
வெற்றிடம் ஒரு டின் அகலம்.
எதுவும் கேட்கப் போகிறார் என்று
பாத்திரத்தை வேகமாய்த் தேய்த்தேன்.

"லோகு சாப்பிட்டானாமா?"

படம் அனுப்பினேன் அவனுக்கு.
இரவு பதினொன்றுக்குப் பதில்:
அக்கா அந்த டின்னா?
தேதி முடிஞ்சிருக்குமே.

குப்பைக்கூடையிலிருந்து எடுத்து
விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன்.
அடியில் எண்கள் அழிந்திருந்தன,
அழித்தது என் ஈர விரல்தான்.