முப்பத்தெட்டுப் பவுண்

என்னிடம் பதினொரு பெட்டிகள்.
துவக்கு ஒன்றுமில்லை.
புளியந்தீவில் இதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள்:
மணிக்கூடு திருத்துகிற பாத்தலோட்
முட்டையை விட்டுவிட்டுக் கோது சேர்க்கிறான்.

சிரிக்கட்டும்.
குறுமூக்கு ரிவோல்வர் ஒன்றின் மட்டைப்பெட்டி
உள்தாளில் எண்ணெய்க் கறையோடு,
அடியில் பென்சில் இலக்கம் அழியாமல் கிடைப்பது
துவக்குக் கிடைப்பதைவிடக் கஷ்டம்.
துவக்கை எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள்.
பெட்டியில் ஊசி போட்டார்கள், பொத்தான் போட்டார்கள்,
ஒரு வீட்டுப் பெட்டியில் பாற்பல் ஒன்று கிடந்தது.

தங்கநேசம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தால்,
பஸ்ஸில் மடியில் வைத்தபடியே வந்திருக்கிறாள்.
"இது என்ன வெல போகும்?"

உருப்பெருக்கியைக் கண்ணில் செருகினேன்.
மூடியில் ஒரு மூலை கிழிசல். கறையான் இல்லை.
வழிகாட்டித் தாள், நாலாய் மடித்த மடிப்புக் கலையாமல்.
குழல் துடைக்கிற கம்பிகூட இருந்தது.
அடியில் ஐந்து எண்கள்.
நான் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன்.

எட்டு வருசத்துக்கு முன்
பழைய கடதாசி விற்கும் ஆதம்லெவ்வையிடம்
கிலோக் கணக்கில் வாங்கிய கட்டுக்குள்
ஓர் அனுமதிப் புத்தகம் வந்திருந்தது.
கச்சேரி முத்திரை. வருசத்துக்கு ஒரு கையெழுத்து.
பெயர்: வ. சிந்தாத்துரைப்போடி.
காரணம்: வெள்ளாமைக் காசுக்குக் காவல்.
இலக்கம், அதே ஐந்து எண்கள்.

சேகரிப்பவனுக்கு ஆயுளில் ஒருதரம் வருகிற நிமிசம்.
பெட்டியும் பத்திரமும் ஒரே துவக்கைச் சொன்னால்
விலை இரண்டு மடங்கு.
அதுவும் இது முதல் வருசங்களில் செய்தது,
உடல் மட்டுமல்ல, உருளையும் அலுமினியம்.
வெடிப்பு விடுகிறதென்று பிறகு இரும்புக்கு மாறிவிட்டார்கள்.
பிழைத்துப்போன யோசனைக்குத்தான் இன்றைக்கு ஆள் தேடுகிறார்கள்.
இவ்வளவையும் மூச்சு விடாமல் அவளுக்குச் சொன்னேன்.

அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.
எண்பத்தைந்தோடு கையெழுத்து நிற்கிறது.
"ராவு வந்தாங்க. கேட்டாங்க. அப்பா குடுத்தாரு.
மறுகா வேற ஆக்கள் வந்தாங்க, அதே துவக்கக் கேட்டு.
இல்லண்டாரு. வெறும் பெட்டியத் தூக்கிக் காட்டினாரு.
பெட்டி இருந்தாத் துவக்கும் இருக்குமாம்.
மூல கிழிஞ்சது அண்டைக்குத்தான்."

முதலில் வந்தது யார், பிறகு யார்,
நான் கேட்கவில்லை.
அவளும் அதற்கு மேலே போகவில்லை.
கொஞ்ச நேரம் பொறுத்து,
"அது எவ்வளவு பாரம்? எங்கள ஒருநாளும் தொட விடல்ல."

தாளில் பத்தே முக்கால் அவுன்ஸ் என்றிருந்தது.
அவுன்ஸ் அவளுக்கு விளங்காது, பவுண் விளங்கும்.
கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டுப் பவுண்.
குழல்வாயின் அளவும் முப்பத்தெட்டு.
இத்தனை வருசமாய் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

குசினியிலிருந்து சீனிப் போத்தலை எடுத்து வந்தேன்.
மணிக்கூட்டுக் கூடு நிறுக்கிற தராசில்
சிறுகச் சிறுகக் கொட்டி, ஒரு கரண்டி திரும்ப எடுத்து,
முந்நூற்று நாலு கிராம்.
பொலித்தீனில் முடிந்து, பெட்டிக்குள்
எண்ணெய்க் கறை படிந்த இடத்திலேயே வைத்து
மூடிக் கொடுத்தேன்.

அவள் கையை மேலும் கீழும் அசைத்தாள்.
மற்றக் கைக்கு மாற்றினாள்.
வெளியே மீன்காரனின் ஹோர்ன், இரண்டு தரம்.
"இவ்வளவுதானா?
இடுப்பில செருகினா
ஒரு பக்கம் சாஞ்செல்லுவா நடப்பாரு!"

விலை சொன்னேன்,
மெல்பேர்ணில் டொரினுக்குத் தெரிந்தவர் தருகிற விலை,
என் பங்கைக் கழிக்காமல்.
"காசு வேணாம். பெட்டி இங்க கிடக்கட்டும்.
அந்தப் புத்தகத்தத் தாங்க."
என் கை அலமாரிச் சாவியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.
பிறகு கொடுத்தேன்.

இரவு பேரேட்டில் எழுதினேன்:
பெட்டி பன்னிரண்டு. மூலை ஒன்று கிழிசல்.
பத்திரம் இல்லை.

அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி போடச் சீனியைத் தேடினேன்.
போத்தலின் அடியில் ஒரு கரண்டி கிடந்தது.
மிச்சத்தை அவள் கொண்டு போயிருந்தாள்.