நேர மோதல்

டிக்கெட் வந்த மின்னஞ்சலை
அப்படியே தள்ளிவிட்டால் போதும்.
அதுவே படித்து, அதுவே பிரித்து
நாள்வாரியாக அடுக்கிக்கொள்ளும்.
ஜனவரியில் கம்பெனி போட்டுக்கொடுத்த செயலி.
அதுவரை நான்
அலோர் ஸ்டார் போகும் தேதியை
பெட்ரோல் ரசீதின் முதுகில் எழுதியவள்.

இப்போது என் வாரம் ஒரு விரல் நீளம்.
செவ்வாய்: கேஎல் சென்ட்ரல், ரயில், பட்டர்வொர்த்.
பிறகு கிராப், பாலம், பாயான் லெப்பாஸ்.
அங்கே ஒரு தொழிற்சாலையின் பதினான்கு தராசுகள்
உண்மை சொல்கின்றனவா என்று
வெள்ளிவரை சோதிக்க வேண்டும்.

புனிதனின் பயணங்களையும் ஒரு ஞாயிறு
இதிலேயே ஏற்றிவைத்தேன்.
நான் பச்சை, அவன் நீலம்.
பிந்துலுவிலிருந்து அவன் வருவது செவ்வாய்,
வியாழன் திரும்பிவிடுவான்.
மேல்வீடும் கீழ்வீடும் போல
நீலமும் பச்சையும்
சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

திங்கள் இரவு பத்தரைக்கு
முதன்முறையாகச் சிவப்பு.

"நேர மோதல் கண்டறியப்பட்டது.
இரு பயணிகள், ஒரே இடம்.
கேஎல் சென்ட்ரல், 9.52 முதல் 10.09 வரை.
சரிசெய்யவா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு
இன்னொரு முறை படித்தேன்.
பதினேழு நிமிடம்.
"சரிசெய்", "பிறகு நினைவூட்டு",
இரண்டே பொத்தான்.
"இருக்கட்டும்" என்று ஒன்றை
யாரும் வைக்கவில்லை.

ஒரு காரணமும் இருந்தது.
கேட்டுக்கு இப்போது ஒரே சாவி.
மற்றது அவன் பழைய காற்சட்டையோடு
எங்கோ போய்விட்டது.
பக்கத்து வீட்டு ரொஹானியிடம் கொடுக்க எடுத்ததை
மறுபடி பையில் போட்டேன்.

ஒன்பதரைக்கே போய் நின்றேன்.
கறிபாப் நான்கு, கட்டித் தொங்கவிட்ட தே தாரிக் இரண்டு.
முதுகில் எடைக்கற்கள் பெட்டி,
ஒரு கிராமிலிருந்து இரண்டு கிலோ வரை.
கைபேசி அதிர்ந்தது:
நீலம் எட்டு நிமிடம் தாமதம்.
பதினேழு, ஒன்பதானது.

வந்தான்.
தாடி வைத்திருந்தான், சொல்லவே இல்லை.

"பசியாறிட்டியா?"
"பிளேன்ல ஒரு பன்."
"தண்ணி பில் கட்டிட்டேன்."
"பின்னாடி குழாய்?"
"இன்னும் ஒழுகுது. வாளி வெச்சிருக்கேன்,
நெறஞ்சா செடிக்கு ஊத்து."

மூன்று வாரம் சேர்த்துவைத்ததெல்லாம்
கறிபாப்போடு வாயிலேயே நின்றது.
சாவியைக் கொடுத்தேன்.
நிறுப்பவன் மாதிரி உள்ளங்கையில்
இரண்டு முறை தூக்கிப் பார்த்தான்.
இருபத்திரண்டு கிராம்,
எனக்குப் பார்த்தாலே தெரியும்.
சொல்லவில்லை.

வாயில் மூடப்போவதாக அறிவித்தார்கள். ஓடினேன்.
சட்டையில் மசாலாக் கறையைப் பார்த்தது
தஞ்சோங் மாலிம் தாண்டித்தான்.

புக்கிட் மேராவில் ரயில் ஏரிமேல் போகையில்
செயலி கேட்டது:
"மோதல் தீர்ந்ததா?"
இரண்டு பக்கமும் தண்ணீர்.
பிறகு நினைவூட்டு என்றேன்.

வெள்ளி இரவு வீடு.
பின்பக்கம் வாளி கவிழ்ந்து காய்ந்திருந்தது.
குழாய் ஒழுகவில்லை.
ரொஹானி கொடுத்த சாவி புத்தம்புதிது.
பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பிரதி எடுத்து
பழையதை அவன் கொண்டுபோயிருக்கிறான்.
கெட்டிக்காரன்.
இனி சாவிக்காக
யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

கைகூடக் கழுவாமல் தராசில் வைத்தேன்.
இருபத்தொன்று.

திங்கள் காலை
கணக்குப் பிரிவின் மெய் ஃபோங்
ரசீதைத் திருப்பி அனுப்பியிருந்தாள்.
"தேநீர் இரண்டு, பயணி ஒருவர். விளக்கவும்."
விளக்கத்துக்கு இருநூறு எழுத்து இடம் இருந்தது.
மூன்று முறை தொடங்கி அழித்தேன்.
பதினோரு ரிங்கிட் நாற்பது சென்.
"சொந்தச் செலவு" என்று மாற்றினேன்.