டீ பாக்கி நாற்பத்தேழு

புதுவயல் மண்டபத்தில் காதுகுத்து.
அரிசி ஆலைத் தவிடு காற்றில் வந்து
லேப்டாப் விசைகளுக்கிடையே உட்கார்ந்துவிட்டது.
மொய் எழுதத்தான் நிற்கிறார் என்று
தபால்காரரிடம் பேர் கேட்டேன், ஊர் கேட்டேன்.
அவர் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்.

வக்கீல் நோட்டீஸ். அம்பத்தூர் முகவரி.
'மொய்ராஜா' என்ற தங்கள் மென்பொருளை
நான் திருடி, பேர் மாற்றி,
ஊருக்கெல்லாம் சும்மா கொடுக்கிறேனாம்.
பதினைந்து நாளில் நிறுத்த வேண்டுமாம்.
நஷ்டஈடு இருபது லட்சம்.

மடித்து லேப்டாப்புக்கு அடியில் வைத்தேன்.
'சாக்கோட்டை, பெரி. கருப்பையா, ஐந்நூத்தி ஒண்ணு.'
அச்சுப்பொறி நாக்கை நீட்டியது.

நான் இதை எழுதினது
நோட்டு செல்லாமல் போன நவம்பரில்.
பழைய ஆயிரத்தை மொய்யில் தள்ளியது யார் என்று
பந்திப்பாயில் சட்டை கிழிந்த மாதம் அது.
யார், எந்த ஊர், எந்த நோட்டு:
மூன்று கட்டம், ஒரு கூட்டல்.
காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் சாந்தி அக்கா கடை பெஞ்சில்
ஆறு ராத்திரி.

முதல் வரியில் அ. ஜெசிந்தா, புதுவயல்.
அதற்குக் கீழே உரிமம்:
எடுத்துக்கொள், திருத்து,
விற்க முடிந்தால் விற்றுக்கொள்.
பேரை மட்டும் அழிக்காதே.
நீ திருத்தினதையும் திறந்தே வை.

பினாங்கில் ஒருவர் ரிங்கிட் சேர்த்தார்.
அச்சில் விழாத 'ழ'வை
அறந்தாங்கி ஐடிஐ பையன் விழவைத்தான்.
இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை.
அவர்கள் பேர் என் பேருக்குக் கீழே
வந்த வரிசைப்படி இருந்தது.

'இலவசமாக் குடுத்துட்டு
இப்ப எதுக்கும்மா மல்லுக்கட்டு?'
செக்காலை ரோட்டு வக்கீல் நாகமுத்து கேட்டார்.
'உங்க மக கல்யாணத்துக்கு வந்த மொய்
இலவசமா சார்?'
அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்,
வெகுநேரம்.
பிறகுதான் என் ஃபைலைத் திறந்தார்.

நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கட்டி
மொய்ராஜாவை வாங்கினேன்.
ரோஜாப்பூ ஓரம், குத்துவிளக்கு,
திறந்ததும் நாதஸ்வரம்.
என் பேர் இல்லை. பினாங்கு இல்லை.
'ழ' மட்டும் அழகாக விழுந்தது.

பேர்க் கட்டத்தைக் காலியாக விட்டு
மூன்று முறை என்டர் தட்டினேன்.
ஒரு நொடி யோசித்தது.
சரசரவென்று வந்தது சீட்டு:

சாந்தி அக்கா கடை
டீ பாக்கி
47.00

ஆறாம் ராத்திரி, சோதனைக்காக
நான் போட்டுவைத்து எடுக்க மறந்த வரி.
எத்தனை மண்டபத்தில்
தூங்கி வழியும் எத்தனை விரல்
மூன்று முறை தட்டியிருக்கும்?
எத்தனை மாப்பிள்ளை வீட்டுக் கணக்கு
நாற்பத்தேழு ரூபாய் இடித்து,
பங்காளிகள் ஒருவரையொருவர்
பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

வக்கீல் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
'இந்தக் காசக் குடுத்திட்டியா?'
'இல்ல சார். மறந்தே போச்சு.'
'குடுத்துராத.
கேஸ் முடியிற வரைக்கும் கடன்காரியாவே இரு.'

இரண்டு வாய்தா போய்விட்டது.
எதிர்த்தரப்புக்கு ஒருமுறை காய்ச்சல்,
ஒருமுறை ரயில் தாமதம்.
வழக்குச் செலவுக்கென்று பினாங்குக்காரர்
நூற்று ஒரு ரிங்கிட் அனுப்பியிருக்கிறார்.
செய்த மொய்யா வந்த மொய்யா,
எந்தக் கட்டத்தில் ஏற்றுவதென்று தெரியவில்லை.

சாந்தி அக்காவிடம் சீட்டைக் காட்டினேன்.
பாய்லரை மூடிவிட்டு
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
'அம்பத்தூர்க்காரன் அவன் மிஷின்லயே
பாக்கின்னு அடிச்சுக் குடுத்திருக்கான்ல?
நீ ஏன்டி தரணும்?
அவன்கிட்ட வாங்கிக்கிறேன்.
அட்ரஸ் மட்டும் எழுதிக் குடு.'