புல எண் 4/2

கோத்தகிரி ஃபேக்டரியின் கணக்கறையில்
இரவு எட்டரை. கடைசி இலை வண்டியும் போயாயிற்று.
பச்சைத் தேயிலைப் பட்டியலில்
தொகை இருந்த பத்தி முழுக்க
முள்கம்பி இழுத்துக் கட்டினாற்போல்
########

நாளைக்குப் பட்டுவாடா.

வைரஸா என்றார் மேனேஜர் பெள்ளிராஜ்,
கம்பளிக் குல்லாயைக் கழற்றாமல்.
இல்லை சார், இடம் போதவில்லை.
கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறியதில்
நாலு இலக்கக்காரர்கள் ஐந்தாகிவிட்டார்கள்.
ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.
கம்பி பிரிந்து
பணம் வெளியே வந்தது.

அப்புறம்தான் கண்ணில் பட்டது:
ஒசஹட்டி மாதியின் புல எண் 4/2
பிப்ரவரி நான்கு ஆகிக் கிடந்தது.
முப்பது சென்ட் நிலம்,
ஒரே ஒரு நாளாக.
பக்கத்துக் காட்டுக்காரர் ஹாலனின் 31/2 மட்டும்
அசையாமல் நின்றது.
பிப்ரவரிக்கு ஏது முப்பத்தொன்று?

எண்ணுக்கு முன்னால்
ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டு
மறுபடி அடித்தேன்.
நிலம் நிலமானது.
குறி வெளியே தெரியாது,
கட்டத்துக்குள் இறங்கிப் பார்த்தால் உண்டு,
எல்லைக்கல் மாதிரி
புல்லுக்கு அடியில்.

பெள்ளிராஜ் திரையருகே குனிந்தார்.
"அந்தத் தேதியிலதானே
அவங்க கடைசியா இலை போட்டாங்க?"

அது வேறு பத்தி, சார்.