பன்னிரண்டு பாயிண்ட்

டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன்,
வண்டியில் வேறு தாள் இல்லை.
முன்பக்கத்தில் நேற்றைய கணக்கு:
திருப்பூர் பார்ட்டி, ஏழு பேர்,
மோயர் பாயிண்டில் ஒரு குழந்தை வாந்தி,
பாக்கி இருநூறு.

பிலோமின், உனக்கு மூன்று நாள்.
ஏரிகளைப் பற்றிய கூட்டம் வியாழனோடு முடிகிறது,
விமானம் திங்கள் காலை.
நடுவில் சும்மா கிடக்கிறது சிகாகோ.
இரண்டு பேருமாகப் போகலாம் என்றாய்.
மே மாதம் என்றேன்.
டாக்சிக்காரன் பெண்டாட்டிக்கு
அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.
குழம்பைக் கொஞ்சம் சத்தமாகக் கிளறினாய்,
அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடமாக
அடுத்தவர்களின் விடுமுறையைப்
பன்னிரண்டு பாயிண்டாக நறுக்கிக் கொடுத்தவன் நான்.
எங்கே எட்டு நிமிடம் போதும்,
எங்கே சுட்ட சோளம் வாங்கித் தந்தால்
முன்னால் நிற்கும் நாற்பது வண்டியும் மறந்துபோகும்
என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.
நாலு ராத்திரி அந்த ஊரை
செல்போனில் விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன்.

வெள்ளி.
விடுதியிலிருந்து ஏரிக்கு நடந்தே போகலாம்.
மூஞ்சிக்கல்லிலிருந்து பஸ் ஸ்டாண்டு தூரம்,
ஆனால் மூச்சு வாங்காது.
அந்த ஊரில் ஏற்றமே கிடையாதாம்,
தோசைக்கல் மாதிரி தரை.
மலை இல்லாத குறைக்குத்தான்
கட்டடங்களை அப்படி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள் போல.
ரயில் தலைக்கு மேலே ஓடும், பயப்படாதே.
ஒரு ஆறு இருக்கிறது.
ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்ததை
எதிர்ப்பக்கம் திருப்பி ஓடவிட்டார்களாம்,
குடிக்கிற தண்ணீரில் அழுக்கு சேரக்கூடாதென்று.
இதை மட்டும் நம்ம நகராட்சியில் போய்ச் சொல்லிவிடாதே.

சனி.
பட்டர் பீன்ஸ் விதை ஒன்றை
வீட்டளவுக்கு எஃகில் வார்த்து
பளபளவென்று நடுத்தெருவில் வைத்திருக்கிறார்கள்.
எட்டு நிமிடம் போதும்.
உன் முகம் அதில் வளைந்து தெரியும், போட்டோ எடு.
கடைத்தெரு எழுதினேன், நீ அடித்தாய்.
மியூசியம் இரண்டு எழுதினேன்,
மீன் இருப்பதை மட்டும் விட்டுவைத்தாய்.
"அங்கே குளிருமா?" என்று
நீயும் கேட்டாயே, கொடைக்கானல்காரி!
வத்தலக்குண்டு தாண்டும்போதே
என்னிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி.
ஸ்வெட்டர் எடுத்துக்கொள். காற்று பொல்லாதது.

ஏரிக்கரையோடு ஒரு பாதை, முப்பது கிலோமீட்டர் இருக்கும்.
நம்ம ஏரிக்கு ஆறு சுற்று.
ஆனால் இங்கே சுற்றினால்
சைக்கிள் கடைக்காரன் எதிரிலேயே வந்து நிற்போம்.
அங்கே எவ்வளவு நடந்தாலும்
புறப்பட்ட இடம் தானாக வராது.
திரும்பி நடக்க வேண்டும். கணக்கு வைத்துக்கொள்.

ஞாயிறு.
"ஒண்ணுமே எழுதலையே?" என்கிறாய்.
ஒரு விஷயம் சொல்கிறேன்.
மறுபடி வருகிற பார்ட்டி எவனும்
பன்னிரண்டு பாயிண்டையும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.
"அண்ணே, பூம்பாறை ரோட்டுல
டயர் வெடிச்சுதே, நெனப்பிருக்கா?" என்பான்.
நான் ஜாக்கி போட்டு முக்கிக்கொண்டிருந்த அரை மணி
அவர்கள் சாலையோரம் நின்று
பூண்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
வேறு வழியில்லாமல்.
அதனால் உன் ஞாயிற்றுக்கிழமைக்கு
ஒரு பஞ்சர் வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. விடிகாலை ஐந்தரைக்குக் கரையில் நில்.
அவர்களுக்கு ஏரியிலிருந்துதான் சூரியன் வருகிறது.
மறுகரை தெரியாதாம், எவ்வளவு எட்டிப் பார்த்தாலும்.
இங்கே அப்போது மாலை நாலு.
தூண் பாறையில் மூட்டம் இறங்கியிருக்கும்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம்
வெள்ளையை வெறித்துவிட்டு
"ஒண்ணும் தெரியலையே, காச திருப்பிக் குடு" என்று
என்னோடு மல்லுக்கு நிற்கும்.
அந்நேரம் போன் பண்ணாதே.

தண்ணீரைத் தொட்டுப் பார், அது போதும்.
விடுமுறை அது, சாம்பிள் எடுக்கிற வேலை வேண்டாம்
என்று எழுத வந்தேன்.
பெட்டியின் ஓரத்தில்
சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருக்கிறாய்,
மூடி போட்ட காலிப் புட்டி ஒன்று.
பார்த்துவிட்டேன்.
லேபிளில் இன்னும் எதுவும் எழுதவில்லை.