தொடர்ச்சிக் குறிப்பேடு

டுலுத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்து
இரும்புத் தாது ஏற்றும் துறையின் கால்களைக்
கவ்விக் கிடந்தது.
முரண்படாமல் பார்ப்பது என் வேலை.
இன்று கழன்றிருக்கும் ஷூ நாடா
மூன்று நாள் கழித்து எடுக்கும் அடுத்த நொடியிலும்
கழன்றேதான் இருக்க வேண்டும்.

பையன் எம்மெட் கொவாச்சிச். பன்னிரண்டு நிரம்பவில்லை.
படத்தில் ஒரு சொல் சொல்வான்;
வெள்ளையாய் ஒரு வெடிப்பு;
புகை விலகினால் ராலின் தேயர் நிற்பார்,
ஆறடி மூன்றங்குலம், நீலக் கவசம்,
மின்விசிறி பறக்கவிடும் முதுகுத் துணி.

அந்த ஒரு நொடிக்கு இரண்டு நாள்.
முதல் நாள் இவன், மறுநாள் அவர்.
நடுவில் என் பேனா மட்டும்:
வலது முழங்காலில் பொருக்கு.
மூக்கைத் துடைப்பது இடது ஸ்வெட்டர் விளிம்பில்.
சிரிக்குமுன் ஒருமுறை விழுங்குகிறான்.

நான்கு மணியானால் சட்டம் வந்து அவனை அழைத்துப் போகும்.
வேனுக்குள் பின்னக் கணக்கு.
காலையில் ஒரு நகரத்தையே காப்பாற்றியவன்
ஏழில் மூன்றுக்குப் பென்சிலைக் கடிப்பான்.

செவ்வாய்க்கிழமை, பாலத்தடியில்,
ஆப்பிளோடு போய்விட்டது மேல்வரிசைப் பால்பல்.
தயாரிப்பாளர் போனில் யாரையோ திட்டினார்.
இரவோடிரவாகப் பொய்ப்பல் வந்தது.
உண்மைப் பல்லை டிஷ்யூவில் சுற்றி
என்னிடம் நீட்டினான்:
"இதையும் எழுதிக்கோங்க."

புதன். கண்ணாடிக் காட்சி.
புது முகத்தைத் தேயர் முதன்முறை பார்க்க வேண்டும்.
'வியக்கிறான், புஜத்தைத் தொடுகிறான்' என்றிருந்தது தாளில்.
அவர் புஜத்தைத் தொடவில்லை.
வாயை மூடியபடி நாக்கை மேலே ஓட்டி
இடப்பக்கம் ஓரிடத்தில் நிறுத்தித் தேடினார்.
அங்கே பல் இருந்தது.
இருந்ததற்காக அவர் முகம் கொஞ்சம் விழுந்தது.

கதைப்படி பிழை.
கதையில் பையனுக்குப் பல் விழவே இல்லை.
பிழை என்று எழுத வேண்டியவள்
'பொருந்துகிறது' என்று எழுதினேன்.

அக்டோபரில் மறுபடி கூப்பிட்டார்கள்.
முடிவு யாருக்கும் பிடிக்கவில்லையாம், எட்டு ஷாட்.
தேயர் அதே கவசத்துக்குள் சுலபமாக நுழைந்தார்.
எம்மெட்டின் ஸ்வெட்டர் மணிக்கட்டை எட்டாமல்
பாதி வழியில் நின்றுவிட்டது.
பொய்ப்பல் இருந்த இடத்தில் பெரிய பல், சற்றே கோணல்.
அவனுக்காகத் தரையில் ஒரு முழம் குழி தோண்டினார்கள்,
பழைய உயரத்தில் நிற்கட்டுமென்று.

குழிக்குள் நின்று அந்தச் சொல்லைச் சொன்னான்.
மின்னலை அப்புறம் கணினியில் சேர்ப்பார்கள்.
சொல் நடுவில் உடைந்து
மேலே ஒரு குரலும் கீழே ஒரு குரலுமாய்ப் போனது.
கட் என்றார் இயக்குநர்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

குறிப்பேட்டைப் புரட்டினேன்.
நாடா சரி. பொருக்கு, ஒப்பனையில் சரி.
விழுங்கினான், அதுவும் சரி.

குழிக்குள்ளிருந்து கேட்டான்:
"எந்தக் குரல்ல சொல்லணும்?"