பத்தரை மணி

மேலூர் கோர்ட்டில் இருபத்தாறு வருசமாக
எழுந்து நிற்கிறேன்.
தபேதார் சோலைமலை திரையை விலக்கி
'சைலன்ஸ்' என்றதும்
வாதி, பிரதிவாதி, வக்கீல்,
வாய்தாவுக்கு வந்த வயல்காரர்
எல்லோரோடும்.

ஆடியில் ஒருநாள் எழுந்தேன்.
நீதிபதியின் முகம் முதலில் போனது.
பிறகு சுவர்க்கடிகாரம்.
காதுக்குள் பெரியாறு கால்வாய்
மடை திறந்த இரைச்சல்.
விழித்தபோது கூண்டின் அடியில் கிடந்தேன்.
அன்று பொய் சொல்ல வந்திருந்த சாட்சிதான்
ஓடிப்போய் சோடா வாங்கி வந்தான்.

மதுரை பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஜைனப்
படுக்க வைத்து அளந்தார்: நூற்று அறுபது.
நிற்க வைத்து, மூன்று நிமிடம் பொறுத்து: தொண்ணூற்று நாலு.
'நாடிகூட வேகம் எடுக்கலை, பாத்தீங்களா'
என்றார், என்னிடம் இல்லை, மாணவர்களிடம்.
பதினெட்டு வருசச் சர்க்கரை
பாதத்தை மரக்கவைத்ததோடு விடவில்லை.
நான் எழுந்துவிட்ட செய்தி
ரத்தக்குழாய்க்குப் போய்ச் சேர்வதில்லை;
ஆள் இல்லை என்று திரும்பிவந்த சம்மன்.

மூத்திரத்துக்குப் போட்ட மாத்திரையை நிறுத்தினார்.
வயிற்றில் பட்டை, தொடைவரை இறுக்கும் காலுறை;
சித்திரை வெயிலில் அதை மாட்டிப் பார்க்கணும்.
புதுமாத்திரை காலையில், மதியத்தில்.
சாயங்காலத்துக்கு மேல் கூடாது,
படுத்தால் அழுத்தம் எகிறும்.
உப்பைக் குறை என்றார் பழைய டாக்டர்.
கொஞ்சம் சேர்க்கலாம் என்கிறார் இவர்.
ஊறுகாய் ஜாடி வழக்கு நிலுவையில்.

கட்டில் தலைமாட்டுக்கு
செல்லக்கிளி செங்கல் முட்டுக்கொடுத்தாள்.
ராத்திரி முழுக்கச் சறுக்கி
விடியும்போது இருவரும்
கால்மாட்டுச் சட்டத்தில் குவிந்து கிடக்கிறோம்.
'எந்திரிச்சிராதீக, உக்காருங்க மொதல்ல'
என்று அவள் அதட்டும்போது
இன்னும் கண்ணைத் திறந்திருக்க மாட்டாள்.
உட்காருகிறேன்.
கால் தொங்க, எதிர்ச்சுவர்ப் பல்லியைப் பார்த்தபடி.

இப்போதெல்லாம் பத்து இருபதுக்கே
நான் எழத் தொடங்கிவிடுகிறேன்.
இரண்டு டம்ளர் தண்ணீர், மடக் மடக்கென்று.
மேசைக்கடியில் கெண்டைக்காலை
இறுக்கி விட்டு, இறுக்கி விட்டு.
வக்கீல் குமாஸ்தா முத்திருளாண்டி
எனக்கு மூத்திரம் முட்டுகிறது என்று நினைக்கிறார்.
சோலைமலை திரையைப் பிடித்துக்கொண்டு
என் பக்கம் பார்க்கிறார்,
இல்லாத இருமலை ஒருதரம் இருமுகிறார்.
நான் தலையசைத்த பிறகுதான் 'சைலன்ஸ்'.
தபேதாருக்கு வயசாகிவிட்டது
என்று ஐயா சொன்னாராம்.

நேற்று லேசாக இருட்டியது.
மேசை விளிம்பைப் பிடித்தேன்.
முகம் இல்லை.
கடிகாரம் இருந்தது.